வாய்ப்பூட்டு

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு காலு ஆட்டம் காணுது. இந்தச் சீட்டுல உக்காருங்க, ஒரு பழைய கார்ல இருந்து கழட்டுனது, மெத்துன்னு இருக்கும். கிளிப்புதானுங்க கேட்டீங்க? பெல்ட்டுப் போடாட்டி வண்டி கத்துது, அந்தச் சத்தத்தை நிறுத்தறதுக்கு ஒரு கிளிப்பு. இருக்குது, இருக்குது. உடுமலையில கிளிப்புன்னா நாச்சிமுத்து கடைதான், பழனி ரோட்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. எடுத்துத் தர்றேன், சித்தெ இருங்க. டீ சொல்றேன்.

நாங்க இங்க அதைக் கிளிப்புன்னு சொல்றதில்லீங்க. வாய்ப்பூட்டு. நான் வெச்ச பேரு. அட்டையில கம்பெனிக்காரன் இங்கிலீசுல என்னமோ நீளமாப் போட்டிருக்கறான், ஒருத்தர் வாயிலயும் நுழைய மாட்டீங்குது. ஒருநாள் ஒரு வாத்தியாரு வந்தாரு. "ஏப்பா, வண்டியில உக்காந்தாப் போதும், டிங் டிங் டிங்குன்னு உசுரை எடுக்குது. அது வாயை மூடறதுக்கு ஏதாச்சும் குடு"ன்னாரு. எடுத்து நீட்டி, "வாய்ப்பூட்டுங்க சார்"னேன். அன்னைலிருந்து அதே பேரு நின்னுபோச்சு. பெருசா ஒண்ணுமில்லீங்க, பெல்ட்டு நுனியில இரும்பு நாக்கு இருக்குதில்ல, அந்த நாக்கு மட்டும் தனியா. ஓட்டையில சொருகி உட்டா, ஆளு பெல்ட்டுப் போட்டுட்டான்னு வண்டி நெனைச்சுக்கும். அப்பிராணி வண்டி. நம்ம சொல்றதை நம்பிக்கும்.

வர்றவங்க ஒவ்வொருத்தரும் அந்தச் சத்தத்துக்கு ஒரு பேரு வெச்சிருப்பாங்க, கேட்டா வயிறு வலிக்கும். "எங்க மாமியா கத்துதுங்க"ம்பாரு ஒருத்தரு. மாமியாக்காரி பின்னாலயே நின்னுட்டிருப்பா. அரிசி மண்டி ஆறுச்சாமியண்ணன் வந்தாரு. முன்சீட்டுல அரிசி மூட்டை வெச்சா அதுக்கும் கத்துதாம். மூட்டையா மனுசனான்னு வண்டிக்கு என்ன தெரியும்? இவரு என்ன பண்ணியிருக்கறாரு, பெல்ட்டை இழுத்து மூட்டைக்குப் போட்டு உட்டுட்டாரு. இவரு போடலை. மூட்டை ஜம்முனு பெல்ட்டுப் போட்டுட்டு வருது, பக்கத்துல முதலாளி சும்மா உக்காந்துட்டு வர்றாரு. சிரிச்சுப்போட்டு அவருக்கு ஒரு பூட்டுக் குடுத்து அனுப்பிச்சேன்.

தப்பா நெனைச்சுக்காதீங்க, நான் பெல்ட்டுக்கு விரோதி கெடையாது. பெரிய ரோட்ல பறக்கறவங்க போடட்டும். நம்ம ஊட்டுக்கும் கடைக்கும் உருட்டிட்டுப் போறவங்க. இதுக்குப் போயி கட்டிப் போடோணுமா? என்ற வண்டி, என்ற நெஞ்சு, நடுவுல இது யாருங்க கேக்கறதுக்கு? அந்தக் கோவம் எனக்கு. இந்தக் கோவம் போதாதுன்னு, இதே பூட்டுனால என்ற சம்பந்தி ஊட்டோட பேச்சுவார்த்தையே அத்துப்போச்சுங்க நடுவுல கொஞ்ச நாளைக்கு. சொல்றேன், கேளுங்க. எம்பேர்ல தப்பிருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.

எனக்கு ஒரே பொண்ணு, இந்துமதி. போன ஆவணியில பல்லடத்துல குடுத்தோம். மாப்ள பேரு கோகுலகண்ணன். பம்பு செட்டுக் கம்பெனியில வேலை. முடிஞ்சு வர்ற பம்பை ஒவ்வொண்ணா சோதிச்சு, இது சரி, இது தப்புன்னு ஒதுக்கோணும். அதாவது தப்புக் கண்டுபுடிக்கறதுக்கே சம்பளம். அந்த வேலையை ஊட்டுக்கும் எடுத்துட்டு வந்துட்டாருன்னு வெச்சுக்குங்க. பந்தியில ரசம் ஊத்துனாக்கூட ஒருக்கா மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு. நல்ல பையன்தானுங்க, நான் இல்லைங்கலை.

சீரா ஒரு காரு குடுத்தேன். அவிங்க வாயைத் தொறந்து கேக்கலை, நானாத்தான் ஆசைப்பட்டுக் குடுத்தேன். வெள்ளை வண்டி. கார் அலங்காரக் கடை வெச்சிருக்கறவன் பொண்ணுக்குக் குடுக்கற வண்டி எப்படி இருக்கோணும்? சீட் கவரு, மேட்டு, முன்னால ஒரு பிள்ளையாரு, எல்லாம் என்ற கையாலயே போட்டேன். எல்லாத்துக்கும் மேல, ஒரு ஜோடி வாய்ப்பூட்டு. கடையில தொங்கற சரக்கில்லீங்க, கோயமுத்தூர்ல சொல்லிச் செஞ்சது. தங்க முலாம். வேல் போட்டு, ஒண்ணுல இந்துன்னும் ஒண்ணுல கோகுல்னும் எழுத்து வெட்டியிருக்கும். மண்டபத்துல ஒறம்பரைக எல்லாத்தையும் கூட்டி நிறுத்தி வெச்சு நானே சொருகிக் காட்டுனேன். வண்டி ஒரு சத்தம் போடலை. என்ற அக்கா, "தம்பி, பொண்ணுக்கு எப்படியெல்லாம் ரோசனை பண்ணிச் செய்யறான் பாரு"ன்னு கண்ணைத் தொடைச்சுது.

தலைதீவாளிக்கு வந்தாங்க. வண்டி வாசல்ல நின்னுது. எட்டிப் பாக்கறேன், ரெண்டு பேரும் பெல்ட்டைக் கழட்டிட்டு எறங்கறாங்க. பூட்டு ரெண்டையும் காணம். களவு போயிருச்சாட்ட இருக்குதுன்னு பதறிட்டேன். "மாப்ள, எங்கீங்க அது?"ன்னேன். "ஊட்ல பீரோவுல பத்தரமா இருக்குதுங்க மாமா"ங்கறாரு. பீரோவுல வெக்கறதுக்கு அதென்ன ஆரமா அட்டிகையா? கல்யாணத்தன்னைக்கே, மண்டபத்து வளைவைத் தாண்டுனதுமே கழட்டிட்டாராம். பொண்ணு சொன்னா. சொல்லிப்போட்டு சிரிக்கறா வேற. நான் அன்னைக்கு அதிரசமே திங்கலை.

அதோட உட்டிருக்கலாம். நான்தான் ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன், சீர்ல வெச்ச பொருளைப் புழங்க மாட்டாதவங்க எங்க ஊட்டுப் பொண்ணை மட்டும் எதுக்குப் புழங்கறாங்கன்னு. சும்மா, ஒரு பேச்சுக்கு. அது பல்லடத்துக்குப் போயிருச்சு.

கார்த்திகை தீபத்தன்னைக்கு எங்கூட்டுல அக்கா குடும்பம், பங்காளிக, எல்லாரும் இருக்கறாங்க. சம்பந்தியம்மா வந்து எறங்குச்சு. கையில தாம்பாளம். வெத்தலை பாக்கு, மஞ்சள், பூவு, பழம், கற்கண்டு. அதுக்கு உச்சியில, நல்லாப் பாத்துக்குங்க தம்பி, அந்தப் பூட்டு ஜோடி. பட்டுத் துணி போட்டு மேல வெச்சிருக்குது. சிரிச்ச மூஞ்சியா எனக்கு நேரா நீட்டுச்சு.

சீர்ல குடுத்த பொருளைத் தட்டுல வெச்சுத் திருப்பிக் குடுத்தா எங்க பக்கம் என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? சம்பந்தம் வேண்டாம், உங்க பொருளை நீங்களே வெச்சுக்குங்கன்னு அர்த்தம். அக்கா "அய்யோ"ன்னு வாயில கை வெச்சுது. எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. "இதை மட்டும் எதுக்குங்க கழட்டிக் கொண்டாந்தீங்க? வண்டியையும் கொண்டாந்து நிறுத்தீருங்க, கணக்குத் தீந்துரும்"னுட்டேன். அந்தம்மா, "அண்ணா, நான் சொல்ல வந்தது என்னன்னா"ன்னு ஆரம்பிச்சுது. சொல்ல உடலீங்க நான். "எல்லாம் தட்டுலயே தெரியுது"ன்னுட்டேன். தாம்பாளத்தை அப்படியே வெச்சுப்போட்டு, "இனி இந்த ஊட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்"ன்னு போயிருச்சு.

அந்தம்மா என்ன சொல்ல வந்துச்சுன்னு கேக்கறீங்களா? இந்து முழுகாம இருக்கறா. அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் பூவும் பழமும். பூட்டு பீரோவுல சும்மா கெடக்குதுன்னு நான் வருத்தமா இருக்கறேன்னு பொண்ணு சொன்னாளாமா, பாவம், பூட்டையும் மரியாதையாக் கையோட குடுத்தரலாம்னு தட்டுலயே வெச்சிருக்குது. நான் தாத்தாவாகப் போறேன்கற சேதி, சம்பந்தியை ஊட்டைவுட்டு முடுக்குனதுக்கு அப்பறம் போன்ல வருது. அதையும் எங்கூட்டுக்காரி ருக்குமணி எங்கிட்டச் சொல்லலை, தாம்பாளத்துல இருந்த கற்கண்டைப் பாத்துச் சொன்னா. "கேட்டியா, மகராசன் பண்ணுன வேலையை"ன்னு.

அப்பறம் ஊட்ல சோறு வரும், கொழம்பு வரும், பேச்சு வராது. பல்லடத்துல இருந்து சேதி வந்துச்சு: பிரசவத்தை நாங்களே பாத்துக்கறோம், உங்களுக்கு எதுக்குச் செரமம். தலைப்பிரசவமுங்க தம்பி. பொறந்த ஊட்டுக்கு வராம எங்கயாச்சும் நடக்குமா? ருக்குமணி தொட்டில் சீலையெல்லாம் தொவைச்சு மடிச்சு வெச்சிருந்தா. அதை எடுக்கறது, பாக்கறது, மறுபடி வெக்கறது. பொண்ணு வரமாட்டாளோன்னு நெனைச்சா ராத்திரி தூக்கம் புடிக்காது. ஆனா வெளிய காட்டிக்கலை. தப்பு நம்மளுது இல்லையே, மாப்ள கழட்டாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க.

சித்திரையில அவிங்க ஊட்டுலயே வளைகாப்பு. ருக்குமணி என்னைய இழுத்துட்டுப் போனா. சம்பந்தியம்மா எனக்குத் தண்ணி குடுத்துச்சு, மூஞ்சியைச் சொவத்தைப் பாத்து வெச்சுட்டு. கை நெறைய வளையலோட என்ற பொண்ணு வந்து நின்னா. எளைச்சுப் போயிருந்தா, வயிறு மட்டும் முன்னால. "அப்பா, நான் உங்ககூட வர்றேன். அத்தைகிட்டச் சொல்லி சம்மதம் வாங்கிட்டேன். ஆனா ரெண்டு பேரும் பெல்ட்டுப் போடோணும். நானும் போடுவேன், நீங்களும் போடோணும். அவிங்க சொன்னது அவ்வளவுதான்"னா. "கண்ணு, நீ வந்தாப் போதும். பெல்ட்டு என்ன, சங்கிலி போட்டுக் கட்டுனாலும் வர்றேன்"னேன்.

வெள்ளை வண்டியை நானே எடுத்தேன். ருக்குமணி ஒறம்பரைகளோட பின்னால வேன்ல. சம்பந்தியம்மா வாசல்ல நின்னு பாக்குது. மாப்ள குனிஞ்சு பாக்கறாரு, பம்பைப் பாக்கறாப்பல. நான் பெல்ட்டை இழுத்து மடியில புடிச்சுட்டேன். போலீசைக் கண்டா நம்ம பண்ணுவமே, அது மாதிரி. ஓட்டையில சொருகுனது பெல்ட்டு இல்லை, என்ற சட்டைப் பையில இருந்த பூட்டு. கோகுல்னு எழுத்து வெட்டுனது. வண்டி கம்முனு இருந்துச்சு, எல்லாருக்கும் திருப்தி. தெருமுக்குத் திரும்புனதும் பெல்ட்டைக் கையிலருந்து உட்டேன், சொய்ங்னு உள்ள ஓடிருச்சு.

"அப்பா!"ன்னா. "கண்ணு, நான் எத்தனை வருசமா ஓட்டறேன்"னேன். "அத்தைகிட்டச் சொல்லட்டுங்களா?"ன்னா. "நீ போட்டிருக்கறயில்ல, அது போதும், நான் மெதுவாத்தான் போறேன்"னேன். அவ பெல்ட்டை ஒருக்கா இழுத்துப் பாத்துக்கிட்டா. மெதுவாத்தானுங்க போனேன், மாட்டு வண்டி மாதிரி. வயித்துப் புள்ளைக்காரிய வெச்சுட்டு வேகமாப் போக எனக்கென்ன கிறுக்கா?

குடிமங்கலம் தாண்டி, கரண்டு எடுக்கற காத்தாடிக நிக்கற எடம். ஒரு தோட்டத்துத் தடத்துல இருந்து தேங்கா மட்டை ஏத்துன டிராக்டரு. இந்தப் பக்கமும் பாக்கலை, அந்தப் பக்கமும் பாக்கலை, கல்யாண மாப்பிள்ளையாட்ட ரோட்டுக்கு வந்துட்டான். காலைத் தூக்கி பிரேக்குல வெச்சேன் பாருங்க, வண்டி மூக்கு மண்ணுல குத்தறாப்பல நின்னுது. தட்டலை. மட்டைக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு கோழி போகலாம், அவ்வளவுதான் எடம். என்ற பிரேக்கு அப்படி.

நான் நிக்கலை. நேரா போயி ஸ்டீரிங்குல வாயைக் குடுத்துட்டேன். மேல் ஒதடு கிழிஞ்சு, முன்பல்லு ஒண்ணு மடியில உழுந்துச்சு. அதைக்கூட நான் பாக்கலைங்க. பயந்துட்டேன். அந்தப் பக்கம் திரும்பறதுக்கே தைரியம் வரலை. முருகா, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அவளை மட்டும் பாத்துக்கோன்னு வேண்டிட்டே திரும்பறேன். உக்காந்த எடத்துல உக்காந்திருக்கறா. ஒரு எணுக்கு அசையலை. பெல்ட்டு தோள்மேல விறைப்பா நிக்குது, கீழ்வாரு வயித்துக்கு அடியில, தொடைமேல கெடக்குது. ரெண்டு கையும் வயித்துமேல. "ஒதைக்கறான்ப்பா, நல்லாத்தான் இருக்கறான்"னா. முருகன் இருக்கறாருங்க. நான் சொல்றேன், இருக்கறாரு. அவளுக்கும் சின்ன வயசுலருந்தே அழுத்தம் ஜாஸ்தி, உக்காந்தா கல்லாட்ட உக்காருவா.

இதுல ஒண்ணு சொல்லோணும். இத்தனை நடந்துருக்குது, வண்டி ஒரு சத்தம் போடலை. கடைசி வரைக்கும் கம்முனு இருந்துச்சு. அவ்வளவு நல்ல குவாலிட்டிங்க அந்தப் பூட்டு.

ஆசுபத்திரியில டாக்டரம்மா மொதல்ல அவளைப் பாத்துச்சு. புள்ளைக்கு ஒண்ணுமில்லை, நெஞ்சடிக்கற சத்தத்தை எனக்கே கேக்க வெச்சுது. குதிரை ஓடறாப்பல ஓடுது. நான் அழுதுட்டேன், வெக்கப்படறதுக்கு என்ன இருக்குது. அப்பறம் என்ற வாயைத் தெச்சாங்க. தெச்சுப்போட்டு, "பெரியவரே, தையல் பிரிக்கற வரைக்கும் பேசக் கூடாது. கஞ்சியைக்கூட உறிஞ்சித்தான் குடிக்கோணும்"னுச்சு. ருக்குமணி கதவுக்குப் பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தா. "எத்தனை நாளைக்குங்க டாக்டர்? கொஞ்சம் சேத்திச் சொல்லுங்க"ங்கறா. கல்யாணம் பண்ணுனதிலருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை.

சாயந்தரம் சம்பந்தியம்மா வந்துச்சு. மருமகளைப் பாத்துச்சு, வயித்தைத் தடவுச்சு. அப்பறம் என்ற கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. கார்த்திகைக்கு அப்பறம் அன்னைக்குத்தான் என்ற மூஞ்சியைப் பாக்குது. "ஏனுங்கண்ணா, உங்களுக்குப் பேச முடியாதாமா?"ன்னுச்சு. தலையை ஆட்டுனேன். "அப்பச் சரி. நான் பேசறேன், நீங்க கேளுங்க"ன்னுச்சு.

அட, பேசுச்சுங்க தம்பி! தாம்பாளத்துல ஆரம்பிச்சு, நான் சொல்லாத வார்த்தையையும் சேத்தி, வெத்தலை எங்க வாங்குச்சு, கற்கண்டை எதுக்கு வெச்சுது, அன்னைக்கு பஸ்ஸுல எப்படி அழுதுட்டே போச்சு, ஒண்ணுவுடாம. எனக்கு எத்தனையோ பதில் இருந்துச்சு. ஒண்ணையும் வெளிய எடுக்க முடியலை. அந்தம்மா பேசி முடிச்சு, ஒரு மூச்சு உட்டு, பையிலருந்து பாத்திரத்தை எடுத்து, "ராகிக் கஞ்சி, ஆத்திக் கொண்டாந்திருக்கறேன், குடிங்க"ன்னுச்சு. அதோட சண்டை தீந்துருச்சு. ஒதடு கிழிஞ்சதுனால ஒரு நல்லதுன்னா அதுதான்.

இந்துதான் அழுதுட்டே இருந்தா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை, அவளுக்கும் ஒண்ணுமில்லை, புள்ளைக்கும் ஒண்ணுமில்லை, எதுக்கு அழுகோணும்? "டிராக்டரு இன்னும் சித்தெ முன்னால வந்திருந்தா? எம்புள்ளைக்குத் தாத்தா வேண்டாமாப்பா?"ங்கறா. பல்லு ஒண்ணு போனதுக்கு இப்படி அழுகறாளேன்னு பாவமா இருந்துச்சு. வேற பல்லு வெச்சுக்கலாம்னு சொல்றதுக்கும் வாய் வரலை, கையைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தேன்.

ஊட்டுக்கு வந்தப்பறம் தெனமும் சாயந்தரம் என்னைய வண்டியில உக்கார வெச்சுருவா. வண்டி வாசல்ல நிக்கும், எங்கயும் போகாது. பெல்ட்டுப் போடறதுக்குப் பாடம். இழுங்கப்பா, முறுக்கு இருக்குதான்னு பாருங்கப்பா, மறுபடி கழட்டுங்க, மறுபடி போடுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு மூச்சு வாங்கிட்டு நின்னு சொல்றா, நானும் போட்டேன். வாய் இருந்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஆனியில பேத்தி பொறந்தா. என்ற மூக்கு அப்படியே. மாப்ள மோந்து பாத்துட்டு, "சரியாத்தான் இருக்குதுங்க மாமா"ங்கறாரு.

பேச்சு சுவாரசியத்துல உங்க கிளிப்பை மறந்துட்டேன் பாருங்க. கருப்பு வேணுங்களா, வெள்ளியா? ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? டீ வந்துருமுங்க. வேண்டாமா? கிளிப்புமா வேண்டாம்? அட, வர்றப்ப வேணும்னு தான வந்தீங்க?

இதுதானுங்க எனக்குப் புரியறதில்லை. இப்பெல்லாம் வர்ற ஆளெல்லாம் இப்படித்தான் பண்றாங்க. வேணும்னு வருவாங்க. நானும் மரியாதையா உக்கார வெச்சு, டீ சொல்லி, நாலு வார்த்தை பேசுவேன். பேசி முடிக்கறப்ப, அப்பறம் பாக்கலாமுங்கண்ணான்னு எந்திரிச்சுப் போயிடறாங்க. பூட்டு யாவாரமே படுத்துருச்சு. கடைக்கு ஒரு விக்கற பையனை வெக்கலாமான்னு மாப்ளகிட்டக் கேட்டேன். அவரு சிரிச்சுட்டு, "வேண்டாமுங்க மாமா, நீங்களே வித்தாத்தான் சரியா இருக்கும்"ங்கறாரு. அவருக்கு யாவாரம் என்னங்க தெரியும், பம்பு பாக்கறவருக்கு.

சரி, இருங்க, வண்டி வரைக்கும் வர்றேன். உக்காருங்க, கதவை நான் சாத்தறேன். அட, என்னங்க தம்பி, பெல்ட்டு முறுக்கிட்டு இருக்குது பாருங்க. இப்படியே போட்டா கழுத்தை அறுக்குமுங்க. கையை எடுங்க, நான் நேராக்கி உடறேன். இப்படி, தோளுக்குக் குறுக்கால. கீழ்வாரு இன்னும் சித்தெ கீழ எறங்கோணும். டிக்குன்னு ஒரு சத்தம் வரோணும், வந்துச்சுங்களா? ஒருக்கா இழுத்துப் பாருங்க. ம். போயிட்டு வாங்க.